முப்பது புள்ளிக்காரி

அத்தியாயம் 11

"முடியாது" என்று ஓர்னெல்லா சொல்லி ஐந்து நாளாகியிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவள் தன் தாயிடம் சொன்ன முதல் "முடியாது" அது. போன வாரம் அந்த ஒரு சொல்லில் அம்மா எர்சீலியாவின் கையிலிருந்த காப்பிப் பாத்திரமே நழுவி விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

விஷயம் இதுதான். தங்கை மரிலேனா ஓட்டும் சிவப்புக் கார், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்தது. கேமரா பின்பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டது. கார் அம்மா பெயரில் இருப்பதால் நோட்டீஸும் அம்மா பெயருக்கே வந்தது. ஓட்டியது யார் என்று அறுபது நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதப்பட்டவரின் லைசன்ஸிலிருந்து ஆறு புள்ளி போய்விடும்.

மரிலேனாவிடம் மிச்சம் இருந்ததோ ஐந்து. மற்றதையெல்லாம் அவள் கைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டியும், கடற்கரைச் சாலையில் பறந்தும் ஏற்கெனவே தொலைத்திருந்தாள். பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் எழுத்துத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அடுத்த மாதம் காரின் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கும்போது, வழக்கமாக ஓட்டுபவருக்கு எத்தனை புள்ளி என்று வேறு கேட்பார்கள்.

பெயரே சொல்லாமலும் விடலாம். அதற்குத் தனி அபராதம் உண்டு. "வீட்டுல புள்ளி சும்மா கெடக்கும்போது அரசாங்கத்துக்கு எதுக்குடி தண்டம் அழணும்?" என்பது எர்சீலியாவின் கட்சி.

சும்மா கிடந்த புள்ளி யாருடையது? ஓர்னெல்லாவுடையதுதான்! இருபத்திரண்டு வருஷமாக ஒரு தப்பும் செய்யாமல் வண்டி ஓட்டி, இரண்டு வருஷத்துக்கு இரண்டு என்று சேர்த்து, இருபதில் ஆரம்பித்து முப்பதைத் தொட்டவள். முப்பதுக்கு மேல் யாருக்கும் கிடையாது. டோரே டெல் கிரேக்கோ என்கிற அந்த இத்தாலிய ஊரில் அவர்கள் தெரு முழுக்க அவளுக்கு 'முப்பது புள்ளிக்காரி' என்றே பெயர்.

பதினான்கு மாதத்துக்கு முன்பு இதே சிக்னலில் இதே மரிலேனா மாட்டியபோது, "நான்தான் ஓட்டினேன்" என்று கையெழுத்துப் போட்டு ஆறு புள்ளியைக் கொடுத்தவளும் அவளேதான். முப்பது இருபத்துநாலாயிற்று. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த முறை நோட்டீஸின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவள் படித்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்குள் ஒரே ஆள் இரண்டாவது தடவை சிவப்பு விளக்கைத் தாண்டினால் லைசன்ஸையே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம், மூன்று மாதம், அவர்கள் இஷ்டம். ஓர்னெல்லா வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற நர்ஸ். பதினான்கு வீடு. பாதி வீடுகள் எரிமலைச் சரிவில், பஸ் போகாத சந்துகளில் இருந்தன.

"ஒரு மாசம்தானே? நடந்து போயேன். நோயாளிங்க எங்க ஓடிடப் போறாங்க?" என்றாள் எர்சீலியா.

அதற்குத்தான் அந்த "முடியாது." சொன்ன கையோடு, அம்மா கையெழுத்துப் போட்டு நீட்டிய படிவத்தை வாங்கித் தன் கைப்பையில் திணித்துக்கொண்டாள், மறுபடி யாரும் மூக்குக்கு முன்னால் நீட்டக்கூடாது என்று.

இன்றைக்கு ஐம்பத்தொன்பதாவது நாள். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும் என்று நினைத்து எழுந்து வந்தவளுக்கு ஒரே ஆச்சரியம். அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். மரிலேனா மேஜையில் கையை விரித்து வைத்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, லாட்டரி அடிச்சிருக்கா?" என்றாள் ஓர்னெல்லா.

"அதைவிடப் பெருசு, நெல்லா. ஒருத்தர் எனக்குப் புள்ளி குடுக்கறேன்னுட்டாரு."

"யாரு அந்த ஏமாளி?"

"யாரோ ஒருத்தர்." மரிலேனா நகத்தை ஊதினாள்.

எர்சீலியாவுக்கு ரகசியம் வயிற்றில் தங்காது. "டொன் சபாத்தீனோதான். வேற யாருக்கு அவ்வளவு நல்ல மனசு இருக்கு? பெத்த பொண்ணுக்கே இல்லை."

ஓர்னெல்லாவின் கையிலிருந்த கரண்டி சர்க்கரைக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

சபாத்தீனோ தெருமுனையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர்; 'டொன்' என்பது தெரு கொடுத்த மரியாதை. லைசன்ஸ், வண்டிக் காகிதம் என்று தெருவில் எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதிர்ந்து பேச மாட்டார். அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஸ்கூல் வாசலில் ஓர் ஆரஞ்சுக் கூம்பை வைத்து ஓர்னெல்லாவின் பழைய பாண்டா காருக்கு அவர் இடம் பிடித்து வைப்பார். ஆறு வருஷமாக, மழையிலும் வெயிலிலும். அவள் வந்தால் வெளியே வந்து கூம்பை எடுப்பார், "வேலை முடிஞ்சுதா?" என்பார், உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான். அந்த அவ்வளவை வைத்துக்கொண்டு ஓர்னெல்லா மனசுக்குள் கல்யாணம் பண்ணி, குடித்தனம் நடத்தி, திரைச்சீலைக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தாள்.

"அவர் டிரைவிங் சொல்லிக் குடுக்கறவரு. சிவப்பு விளக்கைத் தாண்டினாருன்னு தெரிஞ்சா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டுமே! ஒரு ஆம்பளை எனக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாரா?"

"நீ போய்க் கெஞ்சினியா?"

"நானா? அவராவே வந்தாரு. நேத்து சாயங்காலம், அம்மாகிட்ட. நீ சரிவுல யாருக்கோ ஊசி குத்திட்டிருந்தே."

"ஆமாம், கையில தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு, பொண்ணு கேக்க வந்தவராட்டம் நின்னாரு," என்றாள் எர்சீலியா.

போதாதா! ஓர்னெல்லா காப்பியைக் குடிக்காமல் சிங்க்கில் கொட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மரிலேனாவுக்கு எல்லாமே இப்படித்தான். சின்ன வயசில் புதுச் செருப்பு அவளுக்கு, பெரியவளாயிருந்தும் பழசு ஓர்னெல்லாவுக்கு. கார் அவளுக்கு, அம்மாவின் சேமிப்பில். அந்தக் காரின் இன்ஷூரன்ஸ்கூட ஓர்னெல்லாவின் தயவுதான். இன்ஷூரன்ஸில் பதினெட்டுப் படி உண்டு, முதல் படிக்குத்தான் கட்டணம் மிகக் குறைவு. ஒவ்வொரு படியாக, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டி, முதல் படிக்கு வந்தவள் ஓர்னெல்லா. ஒரே வீட்டில் இருப்பதால் அக்காவின் படியிலேயே தங்கை ஓட்டும் காரும் போய் நிற்கலாம் என்று சட்டம் இருக்கிறது. மரிலேனா வண்டி வாங்கிய அன்றே முதல் படி!

அதையெல்லாம் ஓர்னெல்லா பொறுத்துக்கொண்டாள். இதைப் பொறுக்க முடியவில்லை. இந்த ஊரில் பூங்கொத்து யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். புள்ளி கொடுப்பது வேறு. தன் லைசன்ஸில், தன் பெயரில், ஒருத்தி செய்த தப்பைத் தான் சுமப்பது அது. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு யாராவது ஒரே ஒரு புள்ளி கொடுத்திருக்கிறார்களா? எப்படிக் கொடுப்பார்கள், தப்பே செய்யாதவளுக்கு?

"என்னம்மா இன்னிக்கு? ஊசி போடறியா, ஆணி அடிக்கிறியா?" என்று முதல் வீட்டுக் கிழவர் அலறினார்.

"அசையாம இருந்தா வலிக்காது."

"நான் அசையலை. நீதான் யார் மேலயோ இருக்கற கோவத்தை என் மேல குத்தறே."

அது உண்மைதான். ஓர்னெல்லா மன்னிப்புக்கூடக் கேட்காமல் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

ஒரு மணிக்குத் தெருவுக்குத் திரும்பினாள். கூம்பு ஓரமாகக் கிடந்தது. அவளுடைய இடத்தில், ஆறு வருஷமாக அவளுக்கென்றே இருந்த இடத்தில், சிவப்புக் கார் நின்றது.

பக்கத்தில் சபாத்தீனோ. அவருக்கு எதிரே மரிலேனா, கையில் கேக் கடைப் பொட்டலம். அவள் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். அவர் சிரித்து ஓர்னெல்லா பார்த்ததே இல்லை. மரிலேனா கையை நீட்டி அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டாள். அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஓர்னெல்லாவுக்கு அது நிச்சயம்.

பின்னால் ஹாரன் அலறியது. நகர்ந்தாள். வேறு இடம் இல்லை; தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் தின்றுகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் உதட்டோரம் சர்க்கரைத் தூளோடு மரிலேனாவுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"தின்னுங்க, நல்லாத் தின்னுங்க!" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல புத்தியுள்ள யாருக்கும் வராத யோசனை. பொறாமை பிடித்தவளுக்கு அதுவே வெகு நியாயமாகப் பட்டது. ஒரு சிவப்பு விளக்குக்கு ஒரு ஓட்டுநர்தான். வேறொருவர் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால் சபாத்தீனோவின் புள்ளி யாருக்கும் வேண்டாம். அவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

படிவம் கைப்பையிலேயே இருந்தது, அம்மாவின் கையெழுத்தோடு.

வியாழக்கிழமைகளில் நகராட்சிப் போக்குவரத்துக் காவல் அலுவலகம் பிற்பகலிலும் உண்டு. மூன்றரைக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள். மேஜைக்குப் பின்னால் ராஃபோனே. பருத்த, சாந்தமான மனிதர். அவர் மாமியாருக்கு ஊசி போடுவதே ஓர்னெல்லாதான்.

"வாங்க, வாங்க! என்ன விஷயம்?"

படிவத்தையும் லைசன்ஸ் நகலையும் வைத்தாள். ராஃபோனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டிய கை நின்றது.

"உங்க பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. பதினாலு மாசம் முந்தி. அதே சிக்னல்."

"ஆமாம்."

"அந்தச் சிக்னல் மேல உங்களுக்கு அப்படி என்னம்மா கோவம்?"

ஓர்னெல்லா சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இதோ பாருங்க. ரெண்டாவது தடவைன்னா லைசன்ஸை வாங்கி வெச்சுடுவாங்க. குறைஞ்சது ஒரு மாசம். அந்தச் சமயத்துல அவசரத்துக்குன்னு வண்டியைத் தொட்டு எங்கயாவது இடிச்சீங்கன்னா, இன்ஷூரன்ஸ்காரன் இடி வாங்கினவனுக்குக் குடுத்துட்டு உங்ககிட்ட வசூல் பண்ணுவான். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது 'லைசன்ஸ் நிறுத்தி வெச்சாங்களா'ன்னு கேப்பான், ஆமான்னுதான் எழுதணும். அப்புறம் எங்க மாமியா கதி? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"நீங்கதான் ஓட்டினீங்களா?"

"நான்தான்."

கையெழுத்துப் போட்டாள். ராஃபோனே பெருமூச்சு விட்டு முத்திரையைக் குத்தினார். ஓர்னெல்லாவின் நெஞ்சு குளிர்ந்தது. பதினான்கு வீடுகளைப் பற்றி நினைக்க வேண்டும் என்று தோன்றியது, நினைக்கவில்லை. சபாத்தீனோ மரிலேனாவிடம் போய் "மன்னிச்சுக்குங்க, முடியலை" என்று சொல்லும் காட்சியைத்தான் நினைத்தாள். தங்கையின் முகம் போகும் போக்கை நினைத்தபோது தித்தித்தது.

எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு சபாத்தீனோ உள்ளே வந்தார், தலையைப் படிய வாரிக்கொண்டு, கையில் ஒரு கோப்போடு.

"ராஃபோனே, அந்த எர்சீலியாம்மா கார் விஷயமா..." ஓர்னெல்லாவைப் பார்த்ததும் வார்த்தை நின்றுவிட்டது.

ராஃபோனே அவர் கையிலிருந்த தாளை, எர்சீலியா கையெழுத்துப் போட்ட இன்னொரு படிவத்தை, வாங்கிப் படித்தார். பிறகு மேஜையில் இருந்ததைப் படித்தார். மறுபடி சபாத்தீனோவின் தாளைப் படித்தார்.

"அன்னிக்குக் காலையில இந்தக் காரை ஓட்டினது நீங்களா?"

"நான்தான்," என்றார் சபாத்தீனோ.

"இந்தம்மாவும் தான்தான்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எப்படி, மடியில உக்காந்து ஓட்டினீங்களா?"

ஓர்னெல்லாவுக்குக் காது வரைக்கும் சிவந்தது. சபாத்தீனோவுக்கோ முகம் வெளுத்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"நீங்க பண்ண வந்ததைத்தான்."

"உங்க லைசன்ஸ் போயிடும்!"

"போனா என்னோடதுதானே போகுது? என் தங்கச்சிக்கு நீங்க எதுக்குக் குடுக்கணும்? அவ ஒரு கேக் வாங்கிக் குடுத்தா போதுமா? ஆறு புள்ளியும் தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

"உங்க தங்கச்சிக்கா?" என்று அவர் விழித்தார்.

வராந்தாவில் குதிகால் செருப்பு டக்டக்கென்று வந்தது. மரிலேனா! கண் மை கரைந்திருந்தது, மூச்சு இரைத்தது. யாரையும் பார்க்காமல் நேரே மேஜைக்குப் போனாள்.

"அந்தச் சிவப்புக் காரை நான்தான் ஓட்டினேன். எழுதிக்குங்க."

"அட தேவுடா, மூணாவது ஆள்!" என்றார் ராஃபோனே.

"எனக்கு இந்த மனுஷனோட புள்ளி வேண்டாம்." மரிலேனா அக்காவின் பக்கம் திரும்பினாள். "இவரு அம்மாகிட்ட வந்து என்ன கேட்டாராம் தெரியுமா? 'ஓர்னெல்லாவைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவங்க லைசன்ஸ் போகக்கூடாது, நான் எழுதிக் குடுத்துடறேன்'னாராம்! இதை முழுசாச் சொல்ல அம்மாவுக்கு இப்பதான் வாய் வந்துது. என் பேரையே எடுக்கலையாம், நெல்லா! ஒரு தடவைகூட! நான் என்னடான்னா காலையிலேருந்து நகத்துக்குச் சாயம் பூசி, கேக் வாங்கி, இவருக்கு முன்னால இளிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். உனக்குக் குடுத்ததை நான் கையேந்தி வாங்கணுமா? பூஜ்யமாப் போகட்டும். முதல் பாடத்திலேருந்து படிச்சுக்கறேன்!"

அந்தச் சிக்னலைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. பொறாமையில் சொன்னதுதான். ஆனாலும் உண்மை.

ஓர்னெல்லா சபாத்தீனோவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மேட்டுல நீங்க நடந்து போறதை நினைச்சேன். மனசு கேக்கலை," என்றார், தரையிடம் சொல்வதுபோல்.

ஓர்னெல்லாவுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. எனக்கு. எனக்காக. மரிலேனாவுக்கு இல்லை, எனக்காக! பிறந்ததிலிருந்து இப்படி ஒரு இனிப்பை அவள் தின்றதில்லை.

ராஃபோனே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நல்ல மனிதர். வேறொருவராக இருந்தால் மூன்று பேரையும் அப்போதே மாட்டிவிட்டிருப்பார்.

"இப்படிப் பண்ணலாம். சபாத்தீனோ, உங்க தாளை நான் வாங்கவே இல்லை. ஓர்னெல்லா, உங்களோடதும் இன்னும் என் மேஜையிலதான் இருக்கு, உள்ளே ஏறலை. மனசு குழம்பிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு வெச்சுக்கறேன். கிழிச்சுப் போட்டுட்டு உங்க தங்கச்சி பேரை எழுதிடறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னிக்கு ஓட்டினது யாரு?"

ஒரே வார்த்தை. "மரிலேனா" என்று சொன்னால் போதும். லைசன்ஸ் பிழைக்கும், பதினான்கு வீடும் பிழைக்கும், வெளியே போனால் சபாத்தீனோ பக்கத்தில் நடந்து வருவார்.

ஆனால் இத்தனை வருஷம் அடைத்து வைத்தது ஒரு வார்த்தையோடு நிற்குமா? ராஃபோனேயைப் பார்க்காமல், சபாத்தீனோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு முன்னால் ஒரு கறையும் இல்லாதவளாக நிற்க வேண்டும் என்கிற வெறியில் சொன்னாள்:

"அவதான். ரெண்டு தடவையும் அவதான்! நான் இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டினதில்லை. என் முப்பது புள்ளியும் எனக்கு வேணும்!"

"வாயை மூடுடி!" என்றாள் மரிலேனா. ஆனால் நேரம் கடந்துவிட்டது.

ராஃபோனேயின் முகம் மாறியது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு தடவையும்னா? அப்ப பதினாலு மாசம் முந்தி குடுத்தது பொய்யா? அது மேஜையில இல்லையே அம்மா. அது அன்னிக்கே பதிவாயிடுச்சு."

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பழைய கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். ஓர்னெல்லாவின் கையெழுத்துக்குக் கீழே வட்டமாக, ஏதோ ஒரு டிரைவிங் ஸ்கூலின் நீல முத்திரை இருந்தது; பெயர் இருந்த இடத்தில் மட்டும் மை படர்ந்திருந்தது. அன்று அந்த முத்திரை குத்தப்பட்டபோது அவளும் எதிரே உட்கார்ந்திருந்தாள். அதை அவள் அடியோடு மறந்து போயிருந்தாள்.

"இதைத் தயார் பண்ணிக் குடுத்தது ஒரு டிரைவிங் ஸ்கூல்," என்றார் ராஃபோனே. குரலில் இப்போது நட்பு இல்லை. "பொய்னு தெரிஞ்சே எழுதிக் குடுத்திருந்தா, ஸ்கூல் நடத்தற அனுமதியே போயிடும். யார் எழுதினது இது?"

ஓர்னெல்லா வாயைத் திறந்தாள். தெரியாது என்று சொல்லலாம், ஞாபகமில்லை என்று சொல்லலாம், ஆயிரம் பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது.

சபாத்தீனோ அவளை முந்திக்கொண்டார்.

"நான்தான்," என்றார்.

இந்தத் தடவை அது பொய் இல்லை.